மிட்டாய்க் கடை மெட்டு

லெனோர் ஃபே அழுவதற்கு நான்கு நிமிடம் பிடிக்கும். அதற்குள் வில்மா பெக்மன் அந்த மெட்டை வயலினில் மூன்று முறை வாசித்து முடித்திருப்பாள். முதல் முறையில் லெனோரின் மூக்குநுனி சிவக்கும். இரண்டாம் முறையில் கீழுதடு நடுங்கும். மூன்றாம் முறை, மெட்டு மேலேறி நின்று குழைகிற இடத்தில், பொலபொலவென்று கொட்டும். கேமராக்காரர் கைப்பிடியைச் சுற்றியபடியே பெருமூச்சு விடுவார். டைரக்டர் கேரிட்டி உத்தரவு கத்துகிற தகரக் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கைக்குட்டையைத் தேடுவார். விளக்குகளுக்கு மேலே பலகையில் குந்தியிருக்கும் தடியன்கள்கூட மூக்கை உறிஞ்சுவார்கள். வில்மா மட்டும் வறண்ட கண்ணோடு, உதட்டின் இடது ஓரத்தை லேசாக மேலே இழுத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருப்பாள்.

அது 1927. படம் ஊமை; படம் எடுக்கிற இடம் ஊமையில்லை. ஹாலிவுட்டில் எந்த நட்சத்திரமும் சங்கீதம் இல்லாமல் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டார். கேமராவுக்குப் பின்னால் ஒரு வயலின், காலால் மிதித்து வாசிக்கிற ஒரு கால் ஆர்மோனியம். டைரக்டர் கையைக் காட்டினால் சோகம், காலைத் தட்டினால் கோபம். இந்த வாசிப்பைப் படம் பார்க்கிறவர்கள் யாரும் கேட்கப்போவதில்லை. அவர்களுக்கு அந்தந்த ஊர்க் கொட்டகைக்காரன் வாசிக்கிறதுதான் விதித்தது. தாய் சாகிற காட்சிக்குக் கல்யாண ஊர்வல மெட்டை வாசித்த பியானோக்காரர்களை வில்மாவுக்குத் தெரியும். அவளே ஒஹையோவில் நான்கு வருடம் கொட்டகையில் வாசித்தவள்தான். அங்கே அலமாரியில் துக்கத்துக்கு எண் போட்டு அடுக்கி வைத்திருப்பார்கள். துக்கம் எண் மூன்று என்றால் குழந்தை. எண் ஐந்து என்றால் கணவன். எண் ஐந்துக்குக் கூட்டம் அவ்வளவாக அழாது.

ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு சாவி மெட்டு உண்டு. வாசிக்கிறவர்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வில்லன் நடிகருக்குத் தேவாலயக் கீதம் வாசித்தால்தான் முகத்தில் கொடூரம் வரும். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன பட்டாரோ. ஒரு கதாநாயகனுக்குக் காதல் பார்வை வரவேண்டுமென்றால் அவர் படித்த கல்லூரியின் கால்பந்துப் பாட்டு. வில்மா எல்லாவற்றையும் மனசுக்குள் குறித்து வைத்திருந்தாள், வைத்தியர் நோயாளிகளின் அசிங்கங்களை வைத்திருப்பதைப்போல. முப்பத்தாறு வயதில் அவளிடம் மிச்சமிருந்த ஒரே சொத்து இந்த மனிதர்கள்மேல் அவளுக்கு இருந்த இளக்காரம்தான். அதை அவள் வயலினைவிடப் பத்திரமாகத் துடைத்து வைத்திருந்தாள்.

லெனோரின் சாவி இரண்டு நாள் கிடைக்கவில்லை. அநாதை இல்லத்துப் படிக்கட்டில் குழந்தையை வைத்துவிட்டுப் போகிற காட்சி. படிக்கட்டு காரையும் சாக்குத் துணியும். குழந்தை மட்டும் நிஜம், அது மட்டும் தேவையான நேரத்தில் அழுதது. வில்மா பையிலிருந்த துக்கங்களையெல்லாம் வாசித்துப் பார்த்தாள். லெனோருக்கு இருபத்திரண்டு வயது. பளிங்குக் கோலி மாதிரி இரண்டு கண். ஈரமே இல்லை.

"கிளிசரின் கொண்டாரட்டுமா சார்?" என்றான் உதவியாளன்.

"என் படத்துல கிளிசரினா?" கேரிட்டி தகரக் குழலிலேயே கத்தினார். "அதுக்கு நான் வெங்காயக் கடை வெச்சிருப்பேன்! ஏம்மா வில்மா, உன் பிடில்ல மனுஷங்க மெட்டு ஏதாச்சும் இருக்கா?"

வில்மாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. இவர்களுக்கு இதுதான் லாயக்கு என்று, தனக்குத் தெரிந்ததிலேயே ஆக மட்டமான ஒன்றை எடுத்து வாசித்தாள்.

அது அவள் போட்ட மெட்டுதான். சின்சினாட்டியில் சங்கீதக் கல்லூரியில் படித்தபோது, பத்தொன்பது வயதில், ஒரே சாயங்காலத்தில் எழுதியது. பதினோரு நாள் அதை அவள் நம்பினாள். நடக்கும்போது அதற்கேற்ப நடந்தாள். பன்னிரண்டாம் நாள் பேராசிரியர் கிராஸ்மனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் பியானோவில் உட்கார்ந்து, வகுப்பைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, தலையை ஆட்டி ஆட்டி, குழைகிற இடத்தில் கண்ணை மூடி உருகுவதுபோல் வாசித்துக் காட்டினார். வகுப்பு சிரித்தது. வில்மாவும் சிரித்தாள், எல்லாரையும்விடச் சத்தமாக. அந்தச் சிரிப்பு அன்றைக்கு முடிந்துவிடவில்லை. அதில் கொஞ்சம் உதட்டின் இடது ஓரத்தில் தங்கிவிட்டது.

அந்த மெட்டுக்குத்தான் லெனோர் ஃபே அழுதாள். அழுதாள் என்றால் சும்மா இல்லை, படிக்கட்டில் சரிந்து உட்கார்ந்து அழுதாள். கேரிட்டி எழுந்து நின்றுவிட்டார். ஷாட் முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள்.

"யாரும்மா போட்டது இந்த மெட்டு? உன்னுதா?"

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வில்மாவின் காதில் பேராசிரியரின் பியானோ கேட்டது.

"என்னுதா? நல்லா கேட்டீங்க! இதைப் போட்டவ தூக்கு மாட்டிக்கிட்டிருப்பா. எங்கேயோ சாக்கடையில கிடந்துச்சு, எடுத்தேன். வேணும்னா ஏமஸைக் கேளுங்க, அவன் டேஸ்ட்டுக்கு ஏத்த மாதிரி இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். கால் ஆர்மோனியக்காரர் ஏமஸ் டட்டில் புதினா மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினார். ஐம்பது வயது. குண்டு. நல்ல மனசு என்று எல்லாரும் சொல்வார்கள்; சொல்வதற்கு வேறெதுவும் இல்லாதவர்களைப் பற்றி அப்படிச் சொல்வது வழக்கம்.

"கேட்பாரில்லன்னா நான் வளர்த்துக்கறேன்பா," என்றார் ஏமஸ். "அநாதை இல்லத்து வாசல்லதானே நிக்கிறோம்!"

"எடுத்துக்கோ. குளிப்பாட்டி வெச்சுக்கோ," என்றாள் வில்மா.

அதற்கும் சிரித்தார்கள்.

*

மூன்று மாதத்தில் படம் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியில், பஸடீனாவில் ஒரு கொட்டகையில், சொல்லாமல் கொள்ளாமல் போட்டுப் பார்த்தார்கள். ஜனங்களுக்கு எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்பதற்காக. கேரிட்டிக்கு ஓர் ஆசை வந்திருந்தது: லெனோர் எதைக் கேட்டு அழுதாளோ அதையே கூட்டமும் கேட்க வேண்டும். ஏமஸ் மெட்டைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். கொட்டகையில் பதினான்கு பேர் கொண்ட வாத்தியக் குழு.

வில்மா சிரிப்பதற்காகப் போனாள். டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் போனாள். சொந்தச் செலவில் இளக்காரம் செய்வதில் ஒரு சுதந்திரம் இருந்தது.

படம் அவள் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தது. கதாநாயகன் பேசும்போதெல்லாம் தொப்பியைத் தடவினான். காட்சிக்கு நடுவே வருகிற எழுத்துப் பலகையில் 'விதி தன் சக்கரத்தைச் சுழற்றியது' என்று வந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு பருத்த பெண்மணி வறுத்த கடலையை உடைத்து உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு தோலும் வில்மாவின் மடியில் விழுந்தது.

பிறகு படிக்கட்டு வந்தது. செல்லோக்கள் இரண்டும் கீழ் ஸ்தாயியில் ஒரே சுரத்தில் நின்றன. வயலின்கள் அந்த மெட்டை எடுத்தன.

கடலை உடைபடுகிற சத்தம் நின்றது. வில்மா அதைத்தான் முதலில் கவனித்தாள். பிறகு இருமல்கள் நின்றன. தொள்ளாயிரம் பேர் மூச்சு விடாமல் இருந்தார்கள். மெட்டு மேலே ஏறி, நின்று, குழைந்தது. பக்கத்துப் பெண்மணியின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது, கதவுக் கீல் மாதிரி. அவள் கடலைப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

வில்மா அழவில்லை. அவளுக்கு வந்தது அதைவிட மோசமாக இருந்தது. அவளுக்கு அது வேண்டியிருந்தது. ஒரு சொல் உள்ளே எங்கிருந்தோ, கூச்சமே இல்லாமல், பத்தொன்பது வயதுப் பெண்ணின் குரலில் வந்தது: என்னுது. இந்தச் சதையையும் தொப்பியையும் கடலைத் தோலையும் ஒரே நேரத்தில் மூச்சடக்க வைத்தது என்னுது. திரையில் லெனோரின் முகம் பக்கவாட்டில்தான் தெரிந்தது, கண்ணீர்கூடச் சரியாகத் தெரியவில்லை. இவர்களை அழ வைப்பது லெனோர் இல்லை.

தன்னுடைய வெட்கமின்மை அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அந்தச் சொல் போகவில்லை.

சிவப்பு டிராமில் திரும்பும்போது ஏமஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாயில் புதினா வாசனை.

"பார்த்தியா வில்மா? எனக்கு முன்னாடி ஒரு கசாப்புக்காரன் மாதிரி ஆளு, தேம்பித் தேம்பி அழறான்."

"வாரம் பூரா பன்னி வெட்டிட்டு ஒரு நாளாச்சும் அழ வேணாமா? அதுக்குத்தானே கொட்டகை."

"ஹால்பின் கூப்பிட்டுப் பேசினாரு." ஹால்பின் ஸ்டுடியோவின் சங்கீத இலாகாவுக்குப் பெரியவர். "மெட்டுக்கு வார்த்தை போட்டு அச்சடிக்கப் போறாங்களாம். படம் ஓடற ஊரெல்லாம் விக்குமாம். அட்டையில லெனோர் போட்டோ. கீழ..." ஏமஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கீழ எம் பேரு."

டிராம் ஒரு வளைவில் சாய்ந்தது.

"உன் பேரா?"

"யாருதுன்னு கேட்டாரு. என்ன சொல்லட்டும்? சாக்கடையில கிடந்துச்சுன்னா? நீதான் எடுத்துக்கோன்னு சொன்னியே, நாப்பது பேரு சாட்சி. செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போடணும்." அவள் பக்கம் திரும்பினார். "உன்னுதா வில்மா? உன்னுதுன்னா இப்பவே சொல்லிடு. நான் ஒண்ணும் திருடன் இல்ல."

ஒரே ஒரு வார்த்தை போதும். ஏமஸ் கேட்டேவிட்டார். அவருடைய மாட்டுக் கண்களில் நிஜமாகவே ஒரு கவலை இருந்தது. அந்தக் கவலைதான் வில்மாவின் வாயை அடைத்தது. இந்த ஆளிடமா கேட்டு வாங்குவது?

"போய்யா," என்றாள். உதடு தானாக இடது பக்கம் போனது.

*

செவ்வாய்க்கிழமை காலை படிக்கட்டைத் திரும்பக் கட்டியிருந்தார்கள். பஸடீனாக் கூட்டம் அட்டைகளில் எழுதிக் கொடுத்த கருத்துகளில் பாதிக்கு மேல் ஒரே குறை: அந்தப் பெண் அழும்போது முகம் நேராகத் தெரியவில்லை. கண்ணீருக்குக் காசு கொடுத்தவர்கள் கண்ணீரைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், நியாயம்தான். ஆகவே ஒரே ஒரு ஷாட், நேராக, கிட்டத்தில்.

வில்மாவின் வயலின் பெட்டியில், மூடியின் பட்டுத் துணிக்கு அடியில், நான்காக மடித்த பழைய தாள் ஒன்று இருந்தது. இரண்டு இரவு தேடி எடுத்தது. மேலே அவள் பேர், 1910, மே மாதத் தேதி, மெட்டு முழுவதும் அவள் கையெழுத்தில். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அதே தாளில், மெட்டுக்குக் குறுக்கே, சிவப்புப் பென்சிலில் பேராசிரியர் கிராஸ்மன் எழுதியிருந்தார்: 'மிட்டாய்க் கடை வாசலில் வாசிக்க உகந்தது.' ஒன்றைக் காட்டாமல் இன்னொன்றைக் காட்ட முடியாது. அழிப்பானால் தேய்த்துப் பார்த்தாள். தாள்தான் தேய்ந்தது.

ஷாட் முடிந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். ஹால்பின் ஏற்கெனவே வந்து, பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். ஏமஸ் புதுக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

"ஆரம்பிம்மா," என்றார் கேரிட்டி.

வில்மா வாசித்தாள். பதினேழு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அதைக் கேட்டு வாசித்தாள். எந்த இடத்தில் மூச்சு விட வேண்டுமோ அங்கே விட்டாள். குழைகிற இடத்தைக் குழந்தையின் தலையைத் தாங்குவதுபோலத் தாங்கினாள். இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நான்கு நிமிடம் ஆயிற்று. ஆறு ஆயிற்று. லெனோரின் கண்கள் பளிங்குக் கோலியாகவே இருந்தன.

"நிறுத்து! மறுபடியும்!"

மறுபடியும். இன்னும் அன்பாக வாசித்தாள். லெனோர் மூக்கைச் சொறிந்தாள்.

"என்னடா இது சோதனை?" கேரிட்டி குழலை நாற்காலியில் அடித்தார். "அதே பொண்ணு, அதே பிடில், அதே மெட்டு! ஏமஸ், உன் மெட்டு செத்துப் போச்சாய்யா?"

ஏமஸ் புதுக் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார். லெனோர் படியிலிருந்து எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு, நேராக வில்மாவிடம் வந்தாள்.

"நீங்க இன்னிக்கு நல்லா வாசிக்கிறீங்க," என்றாள், தாழ்ந்த குரலில்.

"தேங்க்ஸ், மிஸ் ஃபே."

"தேங்க்ஸ் சொல்லாதீங்க. அதான் பிரச்சினையே. எனக்குச் சங்கீதம் ஒரு இழவும் தெரியாது. உங்க மெட்டும் ஒண்ணுதான், டிராம் மணியும் ஒண்ணுதான். நான் உங்க மூஞ்சியத்தான் பார்ப்பேன்."

"என் முகத்தையா?"

"இந்த மெட்டு வாசிக்கறப்ப மட்டும் உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆகும். மத்ததெல்லாம் வாசிக்கறப்ப சும்மா கூலிக்கு வாசிக்கற மூஞ்சிதான். இதுக்கு மட்டும், இந்தப் பக்கம் உதட்ட இழுத்து..." லெனோர் செய்து காட்டினாள். நடிகை, கச்சிதமாக வந்தது. "எங்கம்மா அப்படியேதான். பள்ளிக்கூடத்துல நான் மேடையேறி ஆடினப்ப முதல் வரிசையில உக்காந்து இப்படிப் பார்த்தாங்க. இன்னிக்கும் என் படம் பார்த்துட்டு இப்படித்தான். அதைப் பார்த்தா எனக்குத் தாங்காது. அழுகை ஓடி வரும். இன்னிக்கு என்னடான்னா நீங்க ஏதோ புள்ளையத் தாலாட்டற மாதிரி உருகறீங்க. நான் எதைப் பார்த்து அழறது? தயவு பண்ணி அந்த மூஞ்சியக் கொஞ்சம் வைங்களேன்."

சொல்லிவிட்டுப் போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

வில்மாவுக்குச் சிரிப்புதான் வந்தது. மூன்று மாதம் அந்த முட்டாள் பெண்ணைத் தன் மட்டமான மெட்டு அழ வைக்கிறது என்று நினைத்து எத்தனை இளக்காரம் செய்திருந்தாள்! அழ வைத்தது அந்த இளக்காரமேதான். ஆனால் பஸடீனாவில் அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லையே. அங்கே தொள்ளாயிரம் பேரை அழ வைத்தது மெட்டு மட்டும்தான். அந்தக் கணக்கில் பேராசிரியர் தோற்றுவிட்டார். இந்தக் கணக்கில் ஜெயித்தது அவர்தான். அந்த முகம் அவர் கொடுத்தது.

"என்னம்மா, ஞானம் பொறந்துச்சா? வேலை பார்ப்பமா?" என்றார் கேரிட்டி.

வில்லுக்கு ரோசனப் பிசின் தேய்க்கிற சாக்கில் பெட்டியைத் திறந்தாள். பட்டுத் துணியை விலக்கி, தாளை ஒரு மடிப்பு பிரித்தாள். சிவப்புப் பென்சில். வகுப்பு சிரித்தது. அவள் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அந்தக் குரலை, தன்னையே காட்டிக்கொடுத்துவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்ட அந்தக் குரலை, அவள் இந்த உலகத்தில் வேறெதையும்விடக் கேவலமாக நினைத்தாள். கிராஸ்மனைவிட. ஏமஸின் புதினாவைவிட. உதடு இடது பக்கம் போயிற்று. அதை அவள் வைக்கவில்லை, அதுவாக வந்தது.

வாசித்தாள். முதல் சுற்றிலேயே லெனோரின் மூக்கு சிவந்தது. இரண்டாம் சுற்று முடிவதற்குள் கொட்டிவிட்டது. கேமராக்காரர் பெருமூச்சு விட்டார். பலகை மேலிருந்த தடியன்கள் உறிஞ்சினார்கள்.

"கட்! என் ராஜாத்தி! என் செல்லமே!" கேரிட்டி லெனோரின் நெற்றியில் முத்தமிட்டார்.

ஹால்பின் கம்பத்தைவிட்டு நகர்ந்தார். பத்திரத்தை ஆர்மோனியத்தின் மேல் விரித்து, பேனா மூடியைத் திருகினார். "வாங்க டட்டில், ஒரு கிறுக்குக் கிறுக்குங்க."

வில்மாவின் முகத்தில் அந்தக் கோணல் இன்னும் இருந்தது. அது இருக்கும்போது சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த முகத்துக்கு இந்த மெட்டு குப்பை. குப்பையை யாராவது உரிமை கொண்டாடுவார்களா? போகட்டும், ஏமஸ் குளிப்பாட்டி வைத்துக்கொள்ளட்டும். வயலினைப் பெட்டியில் வைத்தாள். மூடப்போனாள். ஏமஸ் பேனாவை வாங்கிக்கொண்டு ஒரு கணம் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"அது என்னுது," என்றாள் வில்மா.

நாற்பது பேரும் சிரித்தார்கள். வில்மா வாயைத் திறந்தால் வேடிக்கைதான் என்பது அவர்களுக்குத் தெரியும். "அப்ப தூக்கு எப்போ?" என்று மேலேயிருந்து ஒருவன் கத்தினான்.

"குப்பைதான்," என்றாள். "எனக்குத் தெரியாததா? ஆனா என் குப்பை. எனக்குப் பத்தொன்பது வயசுல நான் போட்டது. ஏமஸ், பேனாவக் கீழ வை."

ஏமஸ் உடனே வைத்துவிட்டார்.

தாளை எடுத்து ஹால்பினிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைப் பார்த்தார், மெட்டை விரலால் தட்டிக்கொண்டே பார்த்தார், பிறகு சிவப்புப் பென்சில் வரியை உரக்கப் படித்தார். இந்தத் தடவை சிரித்தவர்கள் பாதிப் பேர். வில்மா சிரிக்கவில்லை. அதற்கே முழு பலமும் வேண்டியிருந்தது.

"பெரிய வாத்தியாரா?" என்றார் ஹால்பின்.

"அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தாரு."

"வியாபாரம் தெரிஞ்ச ஆளு. ஊருக்கு ஒரு கச்சேரி மண்டபம் இருந்தா, நாப்பது மிட்டாய்க் கடை இருக்கு." பத்திரத்தில் ஏமஸின் பேரை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார். "பேரை எழுத்தெழுத்தாச் சொல்லும்மா. அச்சுக்காரன் தப்பாப் போட்டுடுவான்."

ஏமஸ் பக்கத்தில் வந்து, "டிராம்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். "என் பொண்டாட்டி அவ அக்காவுக்கெல்லாம் லெட்டர் போட்டுட்டா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கழுத்துப்பட்டியைக் கழற்றிச் சட்டைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டார். அவரை மதிக்கும்படியாக ஏதோ ஒன்று அதில் இருந்தது. வில்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"சண்டையெல்லாம் முடிஞ்சுதா?" கேரிட்டி குழலை எடுத்தார். "பாதுகாப்புக்கு இன்னொண்ணு எடுத்துடுவோம். லெனோர், கண்ணு, அதே மாதிரி. பிடில்!"

வில்மா வயலினைத் தோளில் வைத்தாள். லெனோர் படியிலிருந்து அவள் முகத்தையே பார்த்தாள். வில்மா உதட்டை இடது பக்கம் இழுத்துப் பார்த்தாள். இழுபட்டது, ஆனால் பல் மருத்துவரிடம் போய்வந்தவளைப்போல மரத்துக் கிடந்தது. சிவப்புப் பென்சில் வரியை நினைத்தாள். அந்தத் தாள் இப்போது ஹால்பினின் சட்டைப் பையில் இருந்தது. முதல் சுற்று போயிற்று. இரண்டாம் சுற்று. லெனோரின் கண்கள் காய்ந்தே இருந்தன.

ஐந்தாவது தடவைக்குப் பிறகு கேரிட்டி நாற்காலியில் சாய்ந்தார். யாரையும் பார்க்காமல், "அந்தச் சனியனக் கொண்டாங்கப்பா," என்றார்.

உதவியாளன் கிளிசரின் சீசாவோடு ஓடினான். லெனோர் முகத்தை நிமிர்த்திக் கொடுத்தாள். இரு கன்னத்திலும் மூன்று மூன்று சொட்டு, அளந்து வைத்தாற்போல. கேமரா ஓடியது. அழகாகத்தான் இருந்தது. படத்தில் வரப்போவது இதுதான் என்று வில்மாவுக்கு அப்போதே தெரிந்தது. நிஜக் கண்ணீரைவிட வெளிச்சம் இதில் நன்றாக விழுந்தது. மெட்டோடு சேர்த்துப் பார்த்தால் கடலைப் பெண்மணி வித்தியாசம் கண்டுபிடிக்கப்போவதில்லை.

ஷாட் முடிந்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. லெனோர் கைக்குட்டையால் கன்னத்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக்கொண்டே வில்மாவைக் கடந்து போனாள்.

"நீங்களும் எல்லாரையும் மாதிரி ஆயிட்டீங்களே," என்றாள். அவளுடைய உதட்டின் இடது ஓரம் மேலே போயிருந்தது. இந்த முறை அவள் நடித்துக் காட்டவில்லை.

வாசிப்பை நிறுத்தும்படி வில்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆட்கள் படிக்கட்டைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள்; காரை உதிர்ந்தது. அவள் மூன்றாம் சுற்றில் இருந்தாள். மெட்டு மேலேறி நின்று குழைகிற இடம் வந்தபோது, தேவைக்கும் கொஞ்சம் அதிகமாகவே குழைத்தாள்.